சந்தியில் காவல், லொறியோ மறுபாதையில்: கடைகளை கிளவுட்டில் இணைப்பவர்களுக்கு ஒரு பாடம்



இரண்டு மூன்று கிளைகள் வைத்திருக்கும் சகோதரர்கள் சிலர் அண்மையில் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "எல்லாக் கடையின் பில்லையும் ஸ்டொக்கையும் ஒரே இடத்தில் பார்க்கலாம், கிளவுட்டில் போடுங்கள் என்கிறார்கள். போடலாமா? பயமில்லையா?"

போடலாம். ஆனால் பாதை போடும் முறை தெரிந்து போட வேண்டும். நான் தெரியாமல் போட்டு நட்டப்பட்டவன். பள்ளிக்கூடப் படிப்போடு கடைக்கு வந்தவன் என்பதால், எனக்கு விளங்கிய பாஷையிலேயே இந்தப் பாடத்தைச் சொல்கிறேன். உங்களுக்கு வேலை செய்து தருபவரிடம் சரியான கேள்வியைக் கேட்க இது உதவினால் போதும்.

முதலில் கிளவுட் என்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். அது ஆகாயத்தில் இருப்பதல்ல. பெரிய கம்பனிகளின் கட்டிடங்களில் இருக்கும் கணினிகளை நாம் வாடகைக்கு எடுப்பதுதான். மைக்ரோசொப்ட் 2015இல் சென்னையில் அப்படி ஒரு நிலையத்தைத் திறந்தது. அமேசன் 2016இல் மும்பாயில் திறந்தது. நம் கடையின் கணக்கு அப்படியொரு கட்டிடத்தில் இருக்கும். நம் கடைகளிலிருந்து அங்கே ஒரு பாதை போகும். இன்றைய பாடம் அந்தப் பாதையைப் பற்றியது.

லிந்துலைச் சந்தியும் வண்டிச் சக்கரமும்

டயகம, அக்கரப்பத்தனைப் பக்கத் தோட்டங்களிலிருந்து வரும் பஸ்ஸும் லொறியும் எங்கள் லிந்துலைக்கு வந்துதான் ஹட்டன் - நுவரெலியா பிரதான வீதியைப் பிடிக்கின்றன. அந்தப் பக்கத்து லொறிகளைச் சோதிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு பொலிஸ்காரர் தேவையில்லை. சந்தியில் ஒருவர் நின்றால் போதும்.

கணினி வலையமைப்பிலும் இதே முறை உண்டு. வண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால்கள். ஓர் ஆரக்காலிலிருந்து இன்னொன்றுக்குப் போவதென்றால் குடத்தின் வழியாகத்தான் போக வேண்டும். கிளவுட்டில் மையமாக ஒரு வலையமைப்பை வைத்து, பில் சேர்வரை ஒரு கிளையிலும், கணக்கு மற்றும் சம்பளத்தை இன்னொரு கிளையிலும் வைப்பார்கள். கடைகளிலிருந்து வரும் பாதைகளும் மையத்துக்கே வரும். மையத்தில் பயர்வோல் என்னும் காவலாளி நிற்பான். யார் யாரிடம் போகலாம் என்று அவன்தான் தீர்மானிப்பான்.

இதில் சிக்கனமும் உண்டு. 10 இடங்களை ஒன்றோடொன்று நேராக இணைத்தால் 45 பாதைகள் வேண்டும். மையத்தின் வழியாக இணைத்தால் 10 போதும். 45 பாதைகளையும் தினமும் காவல் காக்க நம்மில் யாருக்கு முடியும்?

எனக்கு நடந்தது

2023 ஏப்ரல் மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். சித்திரைப் புத்தாண்டு வியாபாரமும் நோன்புப் பெருநாள் வியாபாரமும் சில நாள் இடைவெளியில் வந்த மாதம். எனக்கு அப்போது லிந்துலை, தலவாக்கலை, ஹட்டன், நுவரெலியா என்று நான்கு கடைகள். ஒரு வருடத்துக்கு முன்னர்தான் எல்லாவற்றையும் கிளவுட்டில் போட்டிருந்தேன். தோட்டத்துச் சனங்களின் கடன் கொப்பியையும் அதிலேயே ஏற்றியிருந்தேன். பயர்வோலுக்கு மாதாமாதம் காசு கட்டினேன். வேலை செய்து தந்தவர்கள் மையமும் கிளைகளும் போட்ட அழகான படம் ஒன்றைத் தந்தார்கள். அதைக் காசு மேசைக்கு மேலே ஒட்டியும் வைத்தேன்.

ஏப்ரல் முதல் வாரத்தில் தலவாக்கலைக் கடைப் பையன், யாரோ கொண்டுவந்த பென் டிரைவில் இருந்த விண்ணப்பம் ஒன்றை அச்செடுத்துக் கொடுத்தான். நல்ல மனதோடு செய்த வேலை. அந்தப் பென் டிரைவில் இருந்த நஞ்சு முதலில் அந்தக் கணினியைப் பூட்டியது. மாலைக்குள் கிளவுட்டில் இருந்த பில் சேர்வரின் கோப்புகளையும் பூட்டியது. திறக்க வேண்டுமானால் டொலரில் பணம் கேட்டு ஓர் அறிவித்தல் வந்தது. நான் கொடுக்கவில்லை. பூட்டப்பட்டது திரும்பக் கிடைக்கவும் இல்லை. கையில் இருந்த கடைசிப் பிரதி ஏழு வாரம் பழையது.

ஏழு வாரக் கடன் கணக்கு போய்விட்டது. யார் எவ்வளவு தர வேண்டும் என்று எனக்குத் தெரியாது. சம்பள நாளன்று பலர் தாங்களே வந்து தங்கள் தொகையைச் சொன்னார்கள். அவர்களுக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். ஆனால் கொழுந்து பறிக்கும் ஒரு தாய், முன்னைய மாதமே கட்டி முடித்த கடனை, பழைய பிரதியைப் பார்த்து எங்கள் பையன் இரண்டாம் தடவையும் கேட்டுவிட்டான். அவர் எதுவும் பேசாமல் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் தேடி எங்கள் பற்றுச்சீட்டைக் கண்டெடுத்து, இரண்டு நாள் கழித்து வந்து காட்டினார். காசைத் திருப்பிக் கொடுத்தேன். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. பற்றுச்சீட்டைத் தொலைத்தவர்கள் எத்தனை பேரோ.

பிழை எங்கே இருந்தது?

கொழும்பிலிருந்து வந்த ஒரு தம்பி இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தார். பிறகு பயர்வோலின் பதிவேட்டை எனக்குக் காட்டினார்.

"நானா, இதைப் பாருங்க. சேர்வரிலிருந்து இணையத்துக்குப் போனதெல்லாம் இதில இருக்கு. உங்கட கடைகளிலிருந்து சேர்வருக்கு வந்தது ஒரு வரிகூட இல்ல."

"ஒரு வருடமாகவா?"

"ஒரு வருடமாக. கடைகளிலிருந்து வந்ததெல்லாம் காவலாளியைக் காணாமலே போயிருக்கு."

படத்தில் பாதை காவலாளியின் வழியாக இருந்தது. உண்மையில் வேறு வழியாக இருந்தது. ஏனென்றால் கணினிகள் படத்தைப் பார்த்துப் போவதில்லை. பாதை அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. அதைத்தான் பார்க்கும். வீதியோரப் பெயர்ப் பலகை மாதிரி. அந்தப் பலகையை வாசிக்கும் விதியைத் தெரிந்துகொண்டால் பாடத்தில் பாதி முடிந்தது.

விதி இதுதான்: குறிப்பாகச் சொல்லும் பலகையே வெல்லும். சந்தியில் "எல்லா ஊர்களுக்கும் இடது பக்கம்" என்று ஒரு பலகையும், "அக்கரப்பத்தனைக்கு வலது பக்கம்" என்று இன்னொரு பலகையும் இருந்தால், அக்கரப்பத்தனை போகும் டிரைவர் எதைப் பார்ப்பார்? இரண்டாவதைத்தான்.

எங்கள் பில் சேர்வரின் அட்டவணையில் "எல்லாம் பயர்வோலுக்கு" என்று ஒரு பொதுப் பலகை இருந்தது. கணினி மொழியில் அதை 0.0.0.0/0 என்று எழுதுவார்கள். ஆனால் கடைகளின் பாதை வந்து சேரும் இடத்தில் கேட்வே என்னும் நுழைவாயில் இருக்கிறது. அது "தலவாக்கலைக் கடைக்கு என் வழியாக, ஹட்டன் கடைக்கு என் வழியாக" என்று குறிப்பான பலகைகளைத் தானாகவே நட்டுவிடும். அவையே வென்றன. மறுபக்கத்தில், சேர்வர் இருக்கும் கிளையை மையத்தோடு இணைத்தவுடன், நுழைவாயிலுக்கும் அந்தக் கிளையின் நேர்வழி தானாகவே தெரிந்துவிட்டது. போவதும் நேராக, வருவதும் நேராக. எல்லாம் நன்றாக ஓடியது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இதைவிடக் கவலையான ஒன்றையும் தம்பி பழைய குறிப்புகளில் கண்டுபிடித்தார். வேலை செய்தவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. ஒரு தடவை நுழைவாயில் பக்கத்துப் பலகையைப் பயர்வோலுக்குத் திருப்பியிருக்கிறார்கள். உடனே பில் நின்றுவிட்டது. கடையிலிருந்து போனது பயர்வோல் வழியாகப் போக, சேர்வரின் பதில் பழைய நேர்வழியில் வந்திருக்கிறது. போனதை மட்டும் பார்த்து பதிலைப் பார்க்காத காவலாளி, அந்த உரையாடலைச் சந்தேகித்து வெட்டிவிடுவான். அவன் வேலையே அது. மறுபக்கத்துப் பலகையையும் திருப்பியிருந்தால் சரியாகியிருக்கும். அதைச் செய்யாமல், "இப்போதைக்கு" என்று முதற் பலகையையும் கழற்றிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த "இப்போதைக்கு" ஒரு வருடம் நீண்டது.

சரியாகப் போடும் முறை

பிறகு தம்பி புதிதாகப் போட்டுத் தந்த ஒழுங்கை வரிசையாகச் சொல்கிறேன். இது மைக்ரோசொப்டின் அஸூரில் போட்ட முறை.

1. இலக்கம் முதலில். ஒவ்வோர் இடத்துக்கும் வேறு இலக்கத் தொகுதி வேண்டும். தனியார் பாவனைக்கு 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்கும் மூன்று தொகுதிகள் 1996இலேயே ஒதுக்கப்பட்டுவிட்டன. வீட்டுக்கும் கடைக்கும் வரும் ரவுட்டர்களில் பல, பெட்டியைத் திறக்கும்போதே 192.168.1 என்ற ஒரே இலக்கத்தோடு வருகின்றன. நான்கு கடையிலும் அதை அப்படியே விட்டால், நான்கு லயத்துக்கும் ஒரே இலக்கம் போட்ட மாதிரி. தபால்காரர் எங்கே போவார்? நாங்கள் மையத்துக்கு 10.10.0.0/16, பில்லுக்கு 10.11.0.0/16, கணக்குக்கு 10.12.0.0/16 என்று பிரித்தோம். லிந்துலைக் கடைக்கு 10.20.1.0/24, தலவாக்கலைக்கு 10.20.2.0/24 என்று வரிசையாகக் கொடுத்தோம். /24 என்றால் 256 இலக்கங்கள். ஒரு கடைக்கு அது தாராளம். கடைகள் வளர்ந்த பிறகு இலக்கத்தை மாற்றுவது பெரும் சிரமம். முதல் நாளே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

2. கிளைகளை நேராக இணைக்க வேண்டாம். பில் கிளை மையத்தோடு இணைந்திருக்கிறது, கணக்குக் கிளையும் மையத்தோடு இணைந்திருக்கிறது என்பதற்காக இரண்டும் தாமாகப் பேசிக்கொள்ளாது. அஸூரிலும் அமேசனிலும் இணைப்பின் இயல்பு அப்படித்தான். இதைக் குறையென்று நினைத்து, அவசரத்துக்கு இரண்டையும் நேராக இணைத்துவிடுவார்கள். அதுதான் காவலைத் தாண்டும் கள்ளப் பாதை. பேச வேண்டியிருந்தால் பயர்வோல் வழியாகவே பேசட்டும். அதற்காக, வேறு இடத்திலிருந்து மையம் அனுப்பிவைக்கும் போக்குவரத்தை ஏற்கும்படி இணைப்பில் ஒரு அனுமதியைக் கொடுக்க வேண்டும்.

3. நுழைவாயில் பக்கத்துப் பலகை. "10.11.0.0/16க்குப் போவது பயர்வோலுக்கு, 10.12.0.0/16க்குப் போவது பயர்வோலுக்கு" என்று ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். இங்கே "எல்லாம் பயர்வோலுக்கு" என்ற பொதுப் பலகையை வைக்கக் கூடாது. நுழைவாயிலின் சொந்த வேலையே கெட்டுவிடும். புதிய கிளை சேர்க்கும்போதெல்லாம் இங்கே ஒரு வரி சேர்க்க வேண்டும். அதிகம் மறக்கப்படும் வரி இதுதான்.

4. கிளைப் பக்கத்துப் பலகை. பில், கணக்கு இரண்டிலும் "எல்லாம் பயர்வோலுக்கு" என்று எழுதி, நுழைவாயில் தானாகப் பலகை நடும் வசதியை அந்த அட்டவணைகளில் நிறுத்திவிட வேண்டும். அப்போதுதான் பதிலும் அதே வழியில் வரும். மூன்றாவதையும் நான்காவதையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் எங்களுக்கு நடந்த மாதிரி பில் நின்றுவிடும்.

5. பயர்வோலின் சட்டம். இயல்பில் எல்லாம் தடை. தேவையானது மட்டும் அனுமதி. கடைகளிலிருந்து பில் சேர்வருக்கு 443 என்ற வாசல் மட்டும் போதும். பில் மென்பொருள் அதன் வழியாகவே பேசும். கோப்புறை பகிரும் 445, தூரத்திலிருந்து திரையைத் திறக்கும் 3389 ஆகிய வாசல்களைக் கடைகளுக்கு மூடிவிட்டோம். அன்று நஞ்சு நடந்து போனது 445இன் வழியாகத்தான். கடைக்குக் கடை பேச வேண்டிய தேவையே எங்களுக்கு இல்லை. ஆகவே அதுவும் தடை.

6. பராமரிப்புக்கு வருபவர். மென்பொருள் திருத்துபவர், கெமரா பூட்டியவர் என்று பலர் கடவுச்சொல் வைத்திருப்பார்கள். எல்லோரும் மையத்தின் வழியாகவே வர வேண்டும். தொலைபேசிக்கு வரும் இலக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தே உள்ளே வர வேண்டும். வேலை முடிந்ததும் அனுமதியும் முடிய வேண்டும்.

அமேசனில் போடுபவர்களுக்கு, 2018இல் வந்த டிரான்சிட் கேட்வே என்ற சேவை சந்தியாக இருக்கும். பொத்தான்களின் பெயர்தான் வேறு. போக்கும் வரவும் ஒரே காவலாளியைக் கடக்க வேண்டும் என்ற விதி அங்கேயும் அதேதான்.

பெரியவர்களுக்கும் நடந்தது

இது சின்னக் கடைக்காரர்களின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2013இல் அமெரிக்காவின் டார்கெட் என்ற பெரிய கடைத்தொகுதியில் சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விபரம் திருடப்பட்டது. திருடர்கள் நுழைந்தது, குளிரூட்டி வேலை செய்த ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த அனுமதியின் வழியாக. அங்கிருந்து பில் இயந்திரம் வரை போக அவர்களுக்குப் பாதை இருந்தது.

2017 ஜூன் 27இல் மெர்ஸ்க் கப்பல் கம்பனியைப் பிடித்த நொட்பெட்யா என்ற நஞ்சு, உக்ரேனில் பாவனையில் இருந்த ஒரு கணக்கு மென்பொருளின் புதுப்பிப்பில் ஒளிந்து வந்தது. பிறகு உலகம் முழுவதும் அவர்களுடைய வலையமைப்பில் பரவியது. 4,000 சேர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. நட்டம் 25 கோடி முதல் 30 கோடி டொலர் வரை என்று கம்பனியே சொன்னது. அவர்களைக் காப்பாற்றிய ஒரு முக்கிய பிரதி, கானா நாட்டு அலுவலகத்தில் மின்சாரம் தடைப்பட்டதால் தொடர்பற்றுக் கிடந்த ஒரு சேர்வரில் இருந்தது. மின்வெட்டு செய்த உபகாரம்!

நம் நாட்டிலேயே, எனக்கு நடந்து நான்கு மாதம் கழித்து, 2023 ஆகஸ்டில் அரசாங்க கிளவுட் தாக்கப்பட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரசாங்க மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. தொடர்பிலேயே இருந்த பிரதியும் சேர்ந்து பூட்டப்பட்டதுதான் காரணம்.

இந்த இரண்டு சம்பவங்களும் ஏழாவது பாடத்தைத் தருகின்றன. பிரதி ஒன்று சக்கரத்துக்கு வெளியே இருக்க வேண்டும். வேறு கணக்கில், வேறு கடவுச்சொல்லில், குறிப்பிட்ட நாள்வரை யாராலும் அழிக்கவோ மாற்றவோ முடியாதபடி. இப்போது எங்களுடைய பிரதி ஒவ்வோர் இரவும் அப்படிப் போகிறது. மாதம் ஒருமுறை அதிலிருந்து கணக்கைத் திறந்து பார்க்கிறோம். திறந்து பார்க்காத பிரதியை நம்பக் கூடாது.

நீங்களே செய்யக்கூடிய சோதனை

உங்களுக்குக் கணினி தெரிய வேண்டியதில்லை. வேலை முடிந்தது என்று சொல்பவரை உட்கார வைத்து மூன்று விடயங்களைக் காட்டச் சொல்லுங்கள்.

முதலாவது, கடையில் ஒரு பில் அடியுங்கள். அது பயர்வோல் பதிவேட்டில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது அந்த வழியால் போகவில்லை.

இரண்டாவது, கடைக் கணினியிலிருந்து சேர்வரின் கோப்புறையைத் திறக்கச் சொல்லுங்கள். திறக்கக் கூடாது. அந்தத் தடையும் பதிவேட்டில் தெரிய வேண்டும்.

மூன்றாவது, கடை மூடிய பிறகு, பயர்வோலைச் சில நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். பில் நின்றால் சந்தோஷப்படுங்கள். காவலாளி இல்லாமலும் பில் ஓடினால், நீங்கள் சம்பளம் கொடுப்பது வெறும் வாசலில் நிற்பவனுக்கு.

மூன்றாவது சோதனை ஒரு பலவீனத்தையும் காட்டுகிறது. மையம் விழுந்தால் எல்லாக் கடையும் நிற்கும். ஆகவே இணைப்பு இல்லாதபோதும் பில் அடித்து, பிறகு ஏற்றக்கூடிய மென்பொருளையே எடுங்கள். மழைக்காலத்தில் மின்சாரமும் லைனும் போகும் எங்கள் மலைப் பக்கத்துக்கு இது கட்டாயம். அதோடு ஒரு பில் புத்தகமும் பேனாவும் மேசையில் இருக்கட்டும்.

ஒரே கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு இவ்வளவும் தேவையில்லை. பயர்வோல் சேவைக்கு மணித்தியாலக் கணக்கில் வாடகை ஓடும். நல்ல பில் மென்பொருள் ஒன்றைச் சந்தாவுக்கு எடுத்து, கடவுச்சொல்லையும் பிரதியையும் பத்திரமாக வைத்தாலே போதும். கிளைகள் கூடி, கணக்கும் சம்பளமும் ஒன்றாகச் சேரும்போது இந்தச் சந்தியைக் கட்டுங்கள்.

கணக்கு ஓர் அமானிதம்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமே அதுதான். எழுதுவது கடமையென்றால், எழுதியதைக் காப்பதும் அதிலே சேரும் என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். சட்டமும் இன்று அந்தப் பக்கமே வருகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், மக்களின் விபரங்களை வைத்திருப்பவர்களின் பொறுப்பைப் பேசுகிறது. பெயரும் அடையாள அட்டை இலக்கமும் உள்ள நம் கடன் கொப்பியும் அப்படிப்பட்ட விபரம்தான்.

காசு மேசைக்கு மேலே இருந்த அந்த அழகான படத்தைக் கழற்றிவிட்டேன். அந்த இடத்தில் இப்போது மூன்று சோதனைகளும், கடைசியாகச் செய்து பார்த்த திகதியும் எழுதிய ஒரு தாள் இருக்கிறது. அந்தத் தாய் இன்றும் எங்கள் கடைக்குத்தான் வருகிறார். ஒவ்வொரு தடவையும் பற்றுச்சீட்டை வாங்கி, நன்றாகப் பார்த்து, மடித்துப் பைக்குள் வைத்த பிறகுதான் போவார். அவர் வைப்பது சரி. அவருக்கு அந்தத் தேவை வராமல் பார்ப்பது நம் வேலை.

அல்லாஹ் நம் வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக.